போத்தலுக்குள் போட்ட வயர்

உப்புத் தண்ணீரில் கிடந்த செம்புக் கம்பியில் பச்சை படரும்போது ஒரு மணம் வரும். சில்லறைக் காசை வியர்த்த கைக்குள் நெடுநேரம் பொத்தி வைத்திருந்து விரித்தால் வருமே, ஏறக்குறைய அது போல. என் மூக்குக்கு அது ஐப்பசி மாதத்து மணம். இடி தொடங்கும் அந்த மாதத்தில்தான் எங்கள் டீவி மேசைக்குக் கீழே உப்புத் தண்ணீர் நிரப்பிய “சர்பத் போத்தல்” ஒன்று வந்து உட்காரும்.

எங்கள் வீடு புத்தளத்தில், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் ஓரத்தில், வாப்பா வேலை செய்த உப்பளத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது. அந்த வெட்டையில் எங்கள் அன்டெனாக் குழாயை விட உயரமாக ஒரு தென்னைகூட இல்லை. பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவி வந்தபோது, அன்டெனாவிலிருந்து படத்தையும் சத்தத்தையும் வீட்டுக்குள் கொண்டுவர எந்த வயரை வாங்குவதென்று வாப்பா மதுரங்குளிக் கடையில் என்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். ஒன்று ரிப்பனைப் போன்ற “பட்டை வயர்”. மற்றது விரல் தடிப்பில் “உருண்டை வயர்”.

“பட்டை வயரப் போட்டா ஒங்கட உப்புக் காத்துக்கு அடுத்த மாரிக்குள்ள படத்துல மழை பெய்யும் நானா,” என்றார் கடைக்காரர், வாப்பாவை அண்ணன் முறை வைத்து. “உருண்டையக் கொண்டு போங்க. உள்ளுக்குச் செம்பு, அதுக்கு மேல வலை, வலைக்கு மேல தோல். மகள்ட கலியாணம் வரைக்கும் கிடக்கும்.”

கலியாணம் என்றதும் நான் வாப்பா கட்டியிருந்த சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உருண்டை வயர் வீட்டுக்கு வந்தது. படம் பளிச்சென்று விழுந்தது.

அந்தக் காலத்தில் இடி முழங்கினால் அன்டெனா வயரை டீவியிலிருந்து கழற்றி, நுனியை வெறும் போத்தலுக்குள் போட்டு வைப்பது ஊர் வழக்கம். கண்ணாடிக்குள் மின்னல் அடங்கிக் கிடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். உப்பளத்துக்காரர்களுக்கு வெறும் போத்தல் போதவில்லை. அவர்கள் அதற்குள் உப்பு விளையும் பாத்தியின் கடும் உப்புத் தண்ணீரை ஊற்றினார்கள். “பாத்தியில உழுந்த இடி எங்க போச்சி? குழி இரிக்கா, கரி இரிக்கா? உப்புத் தண்ணி அதக் குடிச்சிட்டுது,” என்பார் வாப்பா. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை இன்னும் சுலபமாக ஓட விடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

உருண்டை வயரில் ஒரு குறை இருந்தது. அது இலேசில் வளையாது, வளைத்து விட்டால் நிமிரும். நிமிரும்போது போத்தலையும் சாய்த்துவிடும். ஆகவே வாப்பா உப்பளத்தில் இருக்கும் நேரங்களில், இடி ஓயும் வரைக்கும் உம்மா கீழே குந்தியிருந்து, வாய்க்குள் ஓதிக்கொண்டு, போத்தலின் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பா. நான் கட்டிலுக்குக் கீழே கிடந்து அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். வானத்தில் உறுமுவது ஒருநாள் அந்த வயர் வழியாக இறங்கி வந்து, வளையல் போட்ட அந்தக் கையைக் கொண்டு போய்விடும் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“உடுங்க உம்மா அத,” என்று கெஞ்சுவேன்.

“உட்டா சாஞ்சிரும். தண்ணி பெட்டரியில பட்டா ஒங்கட வாப்பாக்கு நீயா பதில் சொல்ற? பயந்தாங்கொள்ளி, கண்ண மூடிட்டுக் கிட.”

அப்படி ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில் களப்புக்கு மேலே மேகம் கறுத்து வந்தது. வாப்பா உப்புக் குவியல்களைத் தென்னோலைக் கிடுகால் மூட ஓடியிருந்தார். உம்மா வயரைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுக் கழுத்தைப் பிடித்தா. முதல் இடிகள் தூரத்தில் கேட்டன. பிறகு சட்டென்று எல்லாம் அடங்கியது. காற்றும் நின்றது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எந்த மனிதருக்கு முன்னாலும் குரல் எழும்பாத நான், தொண்டை கிழியக் கத்தினேன். பாம்புதான் தீண்டிவிட்டதென்று உம்மா போத்தலை விட்டுவிட்டுக் கட்டிலடிக்குப் பாய்ந்து வந்து என் காலைப் பிடித்து இழுத்தா.

“எங்கடி கடிச்சிச்சி? காட்டு!”

நான் வாய் திறப்பதற்குள் வீடு முழுக்க வெள்ளையாகிவிட்டது. சத்தம் காதால் கேட்டதா நெஞ்சால் கேட்டதா என்று இன்றும் தெரியாது. கண் திறந்தபோது போத்தலைக் காணவில்லை. கண்ணாடித் துண்டுகள் எதிர்ச் சுவரில் குத்தி நின்றன. உருண்டை வயரின் தோல் கருகி, புகை விட்டுக்கொண்டு தரையில் கிடந்தது. உம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு அதை என் தலையில் வைத்தா.

வாப்பா சேறும் சகதியுமாக ஓடி வந்து, சுவரையும் எங்களையும் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எங்கள் வீட்டில் போத்தல் வைக்கவில்லை. புதிய வயரின் நுனி, மேகம் கறுக்கும் முன்பே ஜன்னலுக்கு வெளியே போய்விடும். மாரிக் காலங்களில் வேலைக்குப் போகும்போது வாப்பா செருப்பை மாட்டியபடி என்னைக் கேட்பார்: “என்ன புள்ள, இண்டைக்குப் பயமா இரிக்கா?” சிரிப்போடுதான் கேட்பார், பாதி பகிடி. ஆனால் ஓம் என்று நான் தலையாட்டினால், வயரைக் கழற்றி வெளியே போட்டுவிட்டே போவார்.

வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்கள். இப்போது அதே வளவில் மகனுடைய கல்வீடு. போன மாதம் அவன் “ஹோம் தியேட்டர்” வாங்கிப் பூட்டினான். படத்துக்கு ஒரு கேபிள், சத்தத்துக்கு ஒன்று, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒவ்வொன்று என்று புத்தளம் கடையில் அவன் தெரிவுசெய்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். தங்கப் பூச்சு நுனி என்றார்கள், உப்புக் காற்றுக்குப் பச்சை பிடிக்காதாம். இடி இடித்தால் எதைக் கழற்றுவது என்று கேட்க நினைத்தேன். கடைக்குள் ஆட்கள் நிறைய நின்றதால் வாய் வரவில்லை. எல்லாக் கேபிளையும் சுவருக்குள் விட்டுப் பூசிவிட்டார்கள். பிளக்குகூட டீவிக்குப் பின்னால். கூரையில் இருக்கும் டிஷ்ஷின் வயரும் அதே சுவருக்குள்தான் இறங்குகிறது.

நேற்று அஸருக்குப் பிறகு களப்புப் பக்கம் கறுத்தது. நான் டீவிக்கு முன்னால் போய் நின்றேன்.

“என்ன உம்மா, இன்னும் பயமா?” என்று சிரித்தான் மகன்.

“ஓம்.”

அவன் சிரிப்பு மெல்லக் குறைந்தது. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். பிடித்து இழுக்க ஒரு நுனி தேடி, வழுவழுப்பான அந்தச் சுவரில் அவனுடைய கையும் என் கையும் தடவிக்கொண்டிருந்தன.