ஷரீபாவுக்கு வாங்கிய சாய்மானம்

போர்ட் பிளேயரில் ஓடுகிற அத்தனை மோட்டார் சைக்கிள்களின் பின்சீட்டிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். சரி, அத்தனையிலும் இல்லை. மூன்றில். அதில் ஒன்று ஓடவும் இல்லை, ஸ்டாண்டு போட்டு நின்றது. ஆனாலும் பின்சீட்டைப் பற்றிப் பேச எங்கள் லம்பா லைன் பகுதியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால் எதிர்வீட்டு ஷரீபாவின் கதையை, தெருப் பிள்ளைகள் நானி, அதாவது பாட்டி, என்று கூப்பிடுகிற நானே எழுதுகிறேன்.

ஷரீபாவின் கணவர் நசீருதீன் பஜாரில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்கிறவர். வாளிக்காரருக்கு எதற்கு நெடுந்தூரம் போகிற பெரிய பைக் என்று தெருவே கேட்டது. மகள் ஷாஹினாவின் படிப்பு முடிந்ததும் மனைவியை ஏற்றிக்கொண்டு தீவின் வடகோடிவரை போகவேண்டும் என்பது அவர் ஆசை. பாதி வழியில் இருக்கிற ரங்கத்கூடப் போய்ச் சேரவில்லை. வண்டி கப்பலில் வந்து இறங்கிய அதே வருஷம் ஷரீபாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

அவளுடைய உம்மா கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பூ ஃபிளாட் என்கிற ஊரில் படுத்த படுக்கை. சாத்தம் ஜெட்டியில் படகு ஏறினால் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். இந்தக் கரையில் நடக்க முடியாத மகள், அந்தக் கரையில் எழ முடியாத தாய். ஒருநாள் போனில் வீடியோ போட்டுக் காட்டியபோது, யார் இந்தப் பெண் என்று கிழவி கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஷரீபாவுக்கு ஒரே எண்ணம்: உம்மாவின் முகத்தை நேரில் பார்த்துவிட வேண்டும்.

ஆட்டோவில் முயன்றார்கள். முதல் பள்ளத்திலேயே இருக்கையிலிருந்து வழுக்கி, கால் வைக்கிற இடத்தில் கிடந்தாள். இனிமேல் ஆட்டோ வேண்டாம் என்றாள். பைக்கில் கணவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் வலது கையால் அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள். முதுகுக்கு ஒரு தாங்கல்தான் வேண்டும்.

சென்னையில் இருந்த தம்பி பைசல் கடைகடையாக ஏறி இறங்கிப் படம் அனுப்பினான். கப்பலில் வரும் சாமான் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். அதனால் நசீருதீன் ஒவ்வொரு படத்தையும் நகை வாங்குகிறவர் போலப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்குப் பிடித்தது இரண்டு பக்கமும் கை வைத்த, வண்டியோடு முடுக்கிவிடுகிற பெரிய சாய்மானம்.

"பார்பர் கடை நாற்காலி மாதிரி இருக்கு. என்னைய சவரம் பண்ணவா கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள் ஷரீபா.

விழாமல் இருக்கணுமே என்றார் அவர். விழுவது இருக்கட்டும், ஏறுவது எப்படி என்று இவள் திருப்பிக் கேட்டாள். காலைத் தூக்கிப் போட முடியாதவள் பக்கவாட்டில் ஏற முடியாது. வீட்டுப் படியோடு வண்டியின் பின்புறத்தை ஒட்டி நிறுத்தி, பின்னாலிருந்துதான் அவளை நகர்த்தி உட்கார வைக்க முடியும். அதற்குச் சாய்மானம் கழற்றி மாட்டுவதாக இருக்க வேண்டும்.

"எல்லாரும் பக்கத்துல ஏறுவாங்க. நான் வால் பக்கமா ஏறுறேன். கழட்டுறதையே அனுப்பச் சொல்லுங்க."

கடல் கொந்தளிப்பால் கப்பல் தள்ளிப்போனது. பார்சல் வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தெருவுக்குள் ஒரு சுற்று போனார்கள். பக்கத்தில் மடிப்பு வைத்த கறுப்பு மெத்தை. விசையை இழுத்தால் கையோடு வந்துவிடும், அழுத்தினால் கடக்கென்று பூட்டிக்கொள்ளும். ஷரீபா ராணி போலச் சாய்ந்துகொண்டு எனக்குக் கை காட்டினாள். மழை விட்டதும் அக்கரை போகலாம் என்று முடிவானது.

மழை விடவில்லை. ஒரு விடியற்காலை அக்கரையிலிருந்து போன் வந்தது. உம்மா மௌத்தாகிவிட்டாள். மதியம் லுஹர் தொழுகையோடு அடக்கம்.

படியில் வைத்து ஷரீபாவை ஏற்றினார்கள். சாய்மானத்தை மாட்டினார்கள். அப்போதுதான் நசீருதீனுக்குத் தீவுக்காரப் புத்தி வந்தது. இங்கே புது இரும்பை உப்புக்காற்றுக்கு வெறுமனே கொண்டுபோக யாருக்கும் மனசு வராது. போதாததற்கு, வழியில் விசை கழன்றுவிட்டால் என்ற பயம் வேறு. பூட்டு நிறையக் கிரீஸை அப்பி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார். போதும், நேரமாகுது என்று ஷரீபா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஷாஹினா ஸ்கூட்டரில் பின்னால் போனாள்.

சாத்தம் ஜெட்டியில் படகு நின்றது. வண்டிகள் ஏறுகிற பலகையில் ஓட்டுகிறவர் மட்டும்தான் போக வேண்டும், பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். வாரம் தவறாமல் வாளி மூட்டையோடு தனியாகவே போய்வந்த நசீருதீனுக்கு அது நினைவில் இல்லை.

"பீச்சேவாலி கோ உதாரோ, பாய்," என்றான் படகுக்காரன். பின்னால் இருப்பவளை இறக்கு என்று அர்த்தம். அவன் சொன்னது நியாயம்தான், பலகை மழையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

நசீருதீன் முடிச்சில் கை வைத்தார். நனைந்த ரப்பர் இறுகிவிட்டிருந்தது. கிரீஸ் பட்ட விரல் வழுக்கியது. பல்லால் கடித்துப் பார்த்தார். முடிச்சை அறுக்க ஒரு கத்தி கேட்டு ஷாஹினா ஓடினாள், யாரிடமும் இல்லை. அதற்குள் பலகையைத் தூக்கிவிட்டார்கள்.

"போகட்டும் விடுங்க," என்றாள் ஷரீபா. "அடுத்த படகு வரும்."

அடுத்த படகு வந்தது. ஷரீபா இறங்காமலேயே வண்டியை நாற்பது பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். சரி, நான்கு சுமைக்காரர்கள், இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். அக்கரையில் வீட்டு வாசலில் உம்மாவின் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் கீழே இறக்கி, மூடியைத் திறந்து, ஷரீபாவின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் வலது கையை நீட்டி உம்மாவின் தாடையைத் தொட்டாள்.

இதைப் படித்துக் காட்டியபோது ஷாஹினா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"யாரும் எறக்கலை, நானி," என்றாள். "நாங்க போறதுக்கு முன்னாடியே சந்தூக்கு பள்ளிவாசலுக்குப் போயிடுச்சு. உம்மம்மாவைக் குளிப்பாட்டின பலகை மட்டும் வாசல்ல ஈரமாக் கெடந்துச்சு. எங்க உம்மா வண்டியில சாஞ்சபடி அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வாப்பா பின்னால குனிஞ்சு நின்னு, அப்பவும் அந்த முடிச்சைத்தான் அவுத்துக்கிட்டு இருந்தாங்க."