சுமதியின் நெற்றியில் வந்த அக்கி

அன்று காலை ஆறே கால் மணிக்கு, பிளஸ் டூ படிக்கும் என் மகள் சுமதி, "அம்மா, நெத்தில மிளகாய அரைச்சு அப்புன மாதிரி எரியுது" என்றாள். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. தினமும் மூன்றரை மணிக்கே அவளை எழுப்பிவிடுவேன். "படிக்காம இருக்கதுக்குச் சாக்கு சொல்லாதட்டி" என்று சந்தனம் பூசி, மறுபடி உட்கார வைத்தேன்.

மறுநாள் வலப்பக்க நெற்றி முழுவதும் கொப்புளங்கள். அக்கி என்று தெரிந்ததும், எங்கள் வழக்கப்படி அதன்மேல் காவி எழுத, வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி, சீவலப்பேரியில் பானை செய்யும் அண்ணாச்சியிடம் அழைத்துப் போனேன். காவிக் குழம்பில் கோழி இறகைத் தோய்த்தவர், அவள் மூக்கு நுனிக் கொப்புளத்தையும் சிவந்த கண்ணையும் பார்த்ததும் இறகைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணுக்கு வந்த அக்கில நான் கை வைக்க மாட்டேன் தாயி. இங்கன நிக்காதீங்க, கண் டாக்டர்ட்ட கொண்டு போங்க."

திரும்பும் பஸ்ஸில் சுமதி, "கண்ணு போயிருமாம்மா?" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது என் இளைய மகனுக்குப் பத்தாம் வகுப்பு. ஆறு மணிவரை தூங்கவிடுகிறேன். வலிக்கிறது என்றால் நம்புகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் வெகுநேரம் காத்திருந்த பிறகு கண் டாக்டரம்மா வந்து பார்த்தார். "சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி நரம்புல ஒளிஞ்சு கிடக்கும். தூக்கமில்லாம, பயந்துகிட்டே இருந்தா எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு, அது எந்திரிச்சிரும்" என்றவர், மாத்திரை எழுதியபடியே சொன்னார்: "நேரத்துல வந்துட்டீங்க, கண்ணு தப்பிச்சிரும். இன்னைக்காவது அவளைத் தூங்க விடுங்க."