மூவாயிரம் கோழிகளுக்கு முன்னால் பேசிப் பழகினேன்

மாரியம்மனை நம்பியிருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. வீட்டை ஒட்டியே கோழிப்பண்ணை. நான் வார்டு உறுப்பினர். ஆனால் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. கூட்டத்தில் பேசுவதெல்லாம் என் வீட்டுக்காரர்.

போன வருடம் காலையில் வரும் டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மூன்று தடவை மனு எழுதிக் கொடுத்தும் பஸ் வரவில்லை. பிள்ளைகள் லாரி பறக்கும் மெயின் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். ஒருநாள் லாரிக்கு ஒதுங்கப்போய் என் மகள் தாரணி பள்ளத்தில் விழுந்தாள். முழங்கால் கிழிந்து வந்து நின்றாள். பயந்துபோய் இரண்டு வீட்டில் பெண்பிள்ளைகளின் படிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் இதைக் கேட்க எழுந்தேன். "வணக்கம்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த வரி மறந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரர் மைக்கை வாங்கித் தெருவிளக்கைப் பற்றிப் பேசினார்.

அன்று சாயங்காலம் கோயிலில் அழுதேன். "ஆத்தா, என் புள்ளைக்காகப் பேச எனக்கு வாய் குடு" என்று கேட்டேன்.

மறுநாள் காலை பண்ணையில் முட்டை பொறுக்கும்போது, சொல்லாமல் விட்டதெல்லாம் தானாக வாயில் வந்தது. சத்தமாகச் சொன்னேன். கோழிகள் மிரண்டு படபடத்தன. வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஏம் புள்ள கத்தறே? மெதுவாப் பேசு. கோழி மெரண்டா முட்டை கொறஞ்சு போயிரும்."

அதன்பிறகு தினமும் இரண்டு வேளையும் பேசினேன். குரல் பதறினால் கோழிகள் பதறின. நிதானமாகப் பேசினால் தீவனம் தின்றன. ஒரு மாதம் கழித்து மகளிர் குழுவில் பேசிப் பார்த்தேன். பாதியில் உளறினேன். ஆனால் உட்காரவில்லை, முடித்தேன்.

காந்தி ஜெயந்தி அன்று மறுபடி கிராம சபை. வழக்கம்போல் வீட்டுக்காரர் மைக்குக்குக் கை நீட்டினார்.

"இருங்க. இன்னிக்கு நானே பேசிக்கறேனுங்க."

"வணக்கம்" என்றேன். மறுபடியும் எல்லாம் மறந்துவிட்டது. மனதுக்குள் "ஆத்தா" என்றேன். பண்ணையில் தினமும் சொன்ன முதல் வரி வந்தது. அதன் பின்னால் மற்றதும் வந்தது. யார் யார் வீட்டுப் பிள்ளை நடக்கிறது, யார் படிப்பு நின்றது, எல்லாம் சொன்னேன்.

வந்திருந்த அதிகாரி, "எழுதிக் குடுங்கம்மா, பாக்கலாம்" என்றார்.

"மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சுங்க. இன்னிக்கு நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க."

சபை கை தட்டியது. அவர் எழுதிக்கொண்டார். தீர்மானம் போட்டார்கள்.

தீபாவளி முடிந்த வாரம் பஸ் வந்தது. படிப்பு நின்றிருந்த அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தாரணியோடு ஏறினார்கள். நான் நேரே கோயிலுக்குப் போனேன். அன்றும் அழுதேன். அது வேறு அழுகை.

இப்போது கூட்டங்களுக்கு வீட்டுக்காரர் என் பையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். மைக்கைப் பிடித்தால் எனக்கு இன்னும் முதல் வரி மறக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பேசுகிறேன்.

ஆத்தா எனக்கு ஒரே நாளில் வாய் கொடுக்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். உங்களுக்கும் வாய் அடைத்திருந்தால் அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே சத்தமாக ஒரு வரி பேசிப் பாருங்கள். உளறும். உளறட்டும். அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.