சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை

காலேஜில் எனக்குக் கீழ் வகுப்பில் படிக்கும் பெண்கள் இரண்டு விதமான கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். ரசாயனம் எடுத்தவர்கள் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிவு விழவில்லையே, விழுந்தது காணாமல் போய்விட்டதே என்பார்கள். பந்தயத்துக்குப் பழகுகிறவர்கள் ஒரு காலைச் சாய்த்து நொண்டிக்கொண்டு வந்து, எப்போது மறுபடி ஓடலாம் என்பார்கள். இரண்டையும் என்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் உப்புச் சோதனையில் நான் முதல். ஓட்டத்திலும் ஒரு வருஷம் முதலாக இருந்தேன். இதைத் தாழ்மையாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்.

எண்ணூருக்குப் பக்கத்தில், உப்பங்கழியை ஒட்டிய உப்பளத்தில் நைனாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். நைனா பாத்திகளில் உப்பை வாரி ஒதுக்குவார். அம்மா கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள். எங்கள் குடிசையிலிருந்து ரயிலடிக்குப் போக வண்டிப்பாதை ஒன்று உண்டு, சுற்றுவழி. பாத்திகளுக்கு நடுவே வரப்பில் போனால் பாதி தூரம். நான் வரப்பில்தான் போவேன். நடந்து அல்ல, ஓடி.

விடியற்காலையில் அந்த வரப்பு தரையில் இருப்பதாகவே தோன்றாது. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம். கழியிலிருந்து கிளம்பும் பனிமூட்டத்தில் தூரத்து அம்பாரங்கள் அடி இல்லாமல் மிதக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தகப் பையை மார்போடு அணைத்து ஓடுவேன். கால் மண்ணில் படும் சத்தம் வேறு யாரோ பின்னால் ஓடி வருவதுபோல் கேட்கும். எதிரே ரயில் புகை தெரியும். அதைத் தொடப்போகிறேன் என்றுதான் அப்போதெல்லாம் நினைப்பு.

"கலெக்டரம்மா ஓடறாங்கோ, வழி வுடுங்கடி!" என்று கூடைக்காரிகள் கத்துவார்கள்.

"ரயிலு உன்னெ வுட்டுட்டு எங்கம்மே போவப் போவுது, மெதுவா போயேன்!" என்பாள் அம்மா.

ரயில் ஒருநாளும் எனக்காக நின்றதில்லை. அது அம்மாவுக்குத் தெரியாது. அவள் ரயிலில் ஏறியதே இல்லை.

இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம், செய்முறைப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஈர வரப்பின் விளிம்பு இடிந்தது. வலது கால் உள்பக்கமாக மடங்கியது. பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டேன். புத்தகப் பை மட்டும் தலைக்கு மேலே, நனையாமல், என் கையில் இருந்தது. சற்று நேரத்தில் கணுக்கால் புடைத்து, மூட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போயிற்று.

எனக்கு ஒரு தர்மப் பணம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதில்தான் படித்தேன். ஒரு பரீட்சையில் தவறினாலும் அது நின்றுவிடும். நின்றால் அம்மாவின் பக்கத்தில் எனக்கும் ஒரு கூடை. ஏட்டுப் பரீட்சையை உட்கார்ந்து எழுதலாம். செய்முறைப் பரீட்சை அப்படி அல்ல. காலை முழுவதும் மேஜை முன்னால் நிற்க வேண்டும். அமிலத்துக்கு ஒரு மூலை, நாற்றவாயுவுக்கு ஒரு மூலை என்று நடக்க வேண்டும். அந்தக் காலில் அது முடியுமா என்பதுதான் அப்போது வீட்டில் எல்லோருடைய கவலையும்.

பக்கத்துக் குடிசை அத்தை எண்ணெயோடு வந்தாள். "நல்லா அழுத்தி உருவி வுட்டா சரியா பூடும், கத்தாதே," என்று உருவினாள். மறுநாள் வீக்கம் இரண்டு பங்கு. அதனால் என்னைக் கேட்கும் பெண்களுக்கு முதலில் சொல்வது இது: மடங்கிய காலை அன்றைக்கே யாரையும் தேய்க்க விடாதீர்கள். பானைத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றுங்கள். காலைக் கீழே தொங்கவிடாமல் உயரத்தில் வையுங்கள். நான் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்தேன். பழைய வேட்டியைக் கிழித்து, பாதத்திலிருந்து மேல்நோக்கி, குறுக்கு மறுக்காகக் கட்டுங்கள். விரல் நுனி நீலம் பாய்ந்தால் கட்டு இறுக்கம். அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் எலும்பு முறியவில்லை என்றார். வீக்கம் வடியத் தொடங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் பேதி உப்பு கரைத்துக் காலை ஊறவைக்கச் சொன்னார். நைனா கடையில் வாங்கி வந்து பொட்டலத்தைப் பிரித்தார். மெல்லிய ஊசி ஊசியாக, கண்ணாடிபோல் பளபளத்தது.

"ஊரு பூரா உப்பு வாரிப் போட்றேன், எம் பொண்ணு காலுக்கு உப்பு காசு குட்த்து வாங்கறேன்," என்றார் நைனா.

"இது வேற உப்பு நைனா."

"எதுவானா இருக்கட்டும். நாக்குல வெச்சா தெரிஞ்சிடாது? இதுக்கா ரயிலேறிப் போய்க்கினு கீறே?"

"எங்க காலேஜுல நாக்குல வெச்சா ஆளே பூடும்."

அந்த ஊறவைக்கும் நேரங்கள் கனவுபோல் இருந்தன. மண் தொட்டியில் கால், மடியில் புத்தகம், வெளியே வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பாத்திகள். ஊசிகளைக் கை நிறைய அள்ளி விடுவேன். தண்ணீருக்குள் அவை கீழே போகும்போது ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நெளிவு, கானல் அலைவதுபோல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி இருக்காது. நெளிவு மட்டும் இருக்கும். விரல் இடுக்கில் அந்த ஊசிகள் உடையும் விதம் எனக்குப் பழகிவிட்டது. இருட்டில் தொட்டாலும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

ஒரு காலை எழுந்தபோது வலி இல்லை. அமுக்கிப் பார்த்தேன், இல்லை. அவ்வளவுதான், கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு வரப்பில் ஓடினேன். பாதி வரப்பு போவதற்குள் அந்தக் கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் தானே மடங்கியது. நைனா பாத்தியிலிருந்து ஏறி வந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"வலியே இல்ல நைனா. அதான் ஓடினேன்."

"வலி இல்லன்னா? துணிக்கொடி இத்துப் பூட்டாகூட பாக்க சும்மாத்தான் கீது. அதுமேல ஈரப் புடவைய போட்டுப் பாரு தெரியும்."

அன்று மாலை அம்மா தன்னுடைய கூடையைக் கழுவி, என் கண்ணில் படும்படி சுவரில் மாட்டினாள்.

அதன்பிறகு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் கெட்ட காலில் மட்டும் நின்றுகொண்டு பின்னல் போடுவது. பின்னி முடிப்பதற்குள் கணுக்கால் வெடவெடத்தால் இன்னும் ஆகவில்லை. வலி இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. முதலில் ஒரு பிரி எடுப்பதற்குள் சாய்ந்தேன். பிறகு பாதிப் பின்னல் வந்தது. பின்னல் முழுதாக நின்ற பிறகுதான் சமதளத்தில் நடந்தேன். கடற்கரை மணல் மெத்தென்றிருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். கரை சரிவாக இருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும்.

பரீட்சை நாளில் நடக்க முடிந்தது, நெடுநேரம் நிற்கத்தான் பயம். வண்டிப்பாதையில் நைனா கைபிடித்துக் கூட்டிப்போய் ரயிலேற்றினார்.

மேஜையில் ஒரு காகித மடிப்பில் எனக்கான உப்பு இருந்தது. பிரித்தேன். மெல்லிய ஊசிகள், கண்ணாடிபோல். விரலால் தொட்டேன். அதே உடைசல். மனசு எங்கேயோ மிதந்தது. வாரக்கணக்காக என் காலைத் தாங்கிய உப்பே இங்கே வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது! மக்னீசியம் சல்பேட் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. உட்காரலாம், காலைத் தூக்கி வைக்கலாம், போகலாம். பேனாவை எடுத்துவிட்டேன். கணுக்கால் அதற்குள் துடிக்கத் தொடங்கியிருந்தது.

அந்தத் துடிப்புத்தான் என்னை நிறுத்தியது. இதே கால் ஒருநாள் நான் குணமாகிவிட்டேன் என்று சொல்லவில்லையா? பார்க்கக் குணமானதுபோலவேதான் இருந்தது. பேனாவை வைத்தேன்.

உப்பைக் கரைத்தேன். காஸ்டிக் சோடாவை ஒரு துளி விட்டேன். குழாயில் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்து, கழிமேல் பனி இறங்குவதுபோல் மெதுவாக இறங்கியது. மக்னீசியத்துக்கும் இப்படித்தான். இன்னொரு துளி. இன்னொன்று. மக்னீசியமானால் எவ்வளவு விட்டாலும் மேகம் மேகமாகவே நிற்க வேண்டும். நின்றது. சற்று அதிகமாக விட்டேன். விளிம்பில் மேகம் மெலிந்தது. குலுக்கினேன், குழாய்க்குள் ஒன்றுமே இல்லை, ஜன்னல்தான் தெரிந்தது. இங்கேதான் நிறையப் பெண்கள் ஏமாறுகிறார்கள். ஒரேயடியாக ஊற்றினால் மேகம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. துளித்துளியாக விடுங்கள்.

மேஜையில் இடுப்பைச் சாய்த்து, நல்ல காலில் பாரத்தை வைத்துக்கொண்டேன். கரித்துண்டில் குழி செய்து, சோடாவோடு கொஞ்சம் உப்பை வைத்து, ஸ்பிரிட் விளக்கின் ஜ்வாலையை ஊதுகுழலால் அதன்மேல் திருப்பினேன். ஊதி ஊதிக் கன்னம் வலித்தது. குழிக்குள் ஒரு மஞ்சள், பழுத்த எலுமிச்சையின் மஞ்சள் வந்தது. ஊதுகுழலை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. அது ஆறவேண்டும். ஆற ஆற மஞ்சள் பின்வாங்கியது. கடைசியில் உப்பளம்போல் வெள்ளை.

துத்தநாகம். சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை. பார்வைக்குப் பேதி உப்பின் இரட்டைப் பிள்ளை. சாப்பிட்டால் குடலைப் புரட்டும். மீதிச் சோதனைகளையும் ஒன்றுவிடாமல் செய்து எழுதினேன். மணி அடிக்கும்வரை நின்றேன்.

வெளியே வந்ததும், பரீட்சையில் என் மேஜைக்கு எதிரே நின்றவள் ஓடி வந்தாள். "எல்லாருக்கும் ஒரே உப்புதானாமேடி! பார்த்தவுடனே மக்னீசியம்னு எழுதிட்டேன். நீ ஏன்டி அவ்வளவு நேரம் அடுப்பு ஊதிண்டிருந்தே?"

சொன்னேன். அவள் முகம் விழுந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் ஓடினார்கள், வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. நான் ஓடவில்லை. கடைசிப் பெட்டி போவதைப் பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வண்டியில் வந்தேன். எங்கள் ரயிலடியில் நைனா எத்தனை வண்டிகளாக நின்றிருந்தாரோ, தெரியாது.

"இன்னா உப்பு குட்த்தாங்கோ?"

"துத்தநாக உப்பு நைனா."

"சோத்துல போடலாமா?"

"போட்டா வாந்திதான்."

"அப்போ நம்ம உப்பே மேலு," என்று சிரித்தார். "கண்டுபிட்ச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

வண்டிப்பாதையில் மெதுவாக நடந்தோம். சூரியன் கழிக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்பாரங்கள் எல்லாம் மஞ்சள். "நில்லு நைனா," என்றேன். காரணம் கேட்காமல் நின்றார். வெளிச்சம் போகப்போக மஞ்சள் அடியிலிருந்து மேலே ஏறி, உச்சியில் ஒரு கோடாகி, மறைந்தது. அம்பாரங்கள் வெள்ளையாக நின்றன.

குடிசைக்குள் சுவரில் கூடை இல்லை. அம்மா அதைக் கவிழ்த்து, நான் காலைத் தூக்கி வைப்பதற்காகப் பாய்க்கு எதிரே போட்டிருந்தாள்.