சுழி சரியில்லாத கடவுள்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுக் கப்பலேறிய சமயத்தில், என் மேலதிகாரி தம் வீட்டுச் சுவரில் இருந்த பெரிய வண்ணப்படத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் அடங்காததுதான் காரணம். என்மேல் பிரியமெல்லாம் இல்லை. வெள்ளைக் காளையின் முதுகில் ஒரு பெண். காளை கடலில் நீந்துகிறது. அவள் கரையைத் திரும்பிப் பார்க்கிறாள். கிரேக்கர்களின் தேவராஜன் அவள்மேல் ஆசைப்பட்டு, காளையாக உருமாறி வந்து தூக்கிக்கொண்டு போன கதை என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

கூடத்தில் மாட்டினேன். அம்பாள்தான் ரிஷபத்தில் தனியாகப் புறப்பட்டுவிட்டாள் என்று என் மனைவி தீர்மானித்து, வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்தாள். நான் திருத்தவில்லை. தேவராஜனுக்கும் ஓசியில் மல்லிகை கிடைக்கட்டுமே.

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை அந்தப் படத்துக்கு எதிரேதான் உட்கார வைத்தோம். பையன் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்குப் பிறகும் அவளைப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தான். அவளுக்கு இந்த இடம்தான் வேண்டும். பையனின் அப்பா நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயி. மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் மயிர்ச்சுழியைத்தான் பார்ப்பார்கள். அவரும் என் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் காளையின் நெற்றிக்கு நேரே நின்றார்.

"மாடு லட்சணமாத்தான் இருக்கு. நெத்தியப் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு சுழி. குடைமேல்குடை. இது நின்ன வீடு வெளங்காதுங்க."

"இது மாடே இல்லீங்க," என்றேன். "சாமி. பொண்ணத் தூக்கிட்டுப் போறதுக்காக மாட்டு ரூபத்துல வந்திருக்காரு."

சொன்ன பிறகுதான், எந்த நேரத்தில் எந்தக் கதையை எடுத்தேன் என்று உறைத்தது. காபியோடு வந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் வைத்த அத்தனை பூவுக்கும் அவள் கண் என்னிடம் கணக்குக் கேட்டது.

"பொண்ணத் தூக்குறவனுக்குப் பூ வேறயா? சாமிங்கிறீங்க, நல்ல சுழியாப் பாத்து வரத் தெரியல அவனுக்கு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பையன் தரையைப் பார்த்தான். அவன் அதிகாரமெல்லாம் வகுப்பறையோடு சரி போலிருக்கிறது.

என் மகள்தான் பேசினாள். "மாமா, அந்த மாடு எங்க போவுது?"

"கடலுக்குள்ள."

"நம்மள விட்டுப் போவுதுல்ல? வித்த மாட்டுச் சுழி வித்தவனைப் பிடிக்குமா, வாங்கினவனைப் பிடிக்குமா?"

அவர் யோசித்தார். சுழி கெட்ட எத்தனை மாடுகளைச் சந்தையில் தள்ளிவிட்டிருந்தாரோ, முகம் மெல்ல மலர்ந்தது.

"வாங்கினவனைத்தான். அக்கரைக்காரன் பாடு, நமக்கென்ன!"

காபியைக் குடித்தார். நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். வாசலில் மட்டும் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"நிச்சயத்துக்கு எங்க அண்ணன் வருவாரு. அவருக்கு என்ன சொன்னாலும் ஏறாது. மேல் சுழிய அழிச்சுடுங்க."

கடைப்பலகை எழுதுகிறவரை வரவழைத்தேன். ஒரு பொட்டு வெள்ளையில் வேலை முடிந்தது. நிச்சயத்தன்று அண்ணன் படத்தின் முன் வெகுநேரம் நின்று, "நல்ல மாடு" என்றார். பெண்ணைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.