மணல் மூட்டைக்கும் பெல்ட்

இன்னிக்கு சாயங்காலம் பொண்ணைக் கூட்டிக்கினு ஆவடி பொருட்காட்சிக்குப் போனேன்.

ராட்டினம் ஓட்டுறவரு, ஆள் ஏத்துறதுக்கு முன்னாடி பெட்டிக்குப் பெட்டி மணல் மூட்டை வெச்சு சுத்த வுட்டுக்கினு இருந்தாரு. ஒவ்வொரு மூட்டைக்கும் பெல்ட் வேற!

"இன்னாண்ணே, மூட்டைக்குப் போய் பெல்ட்டா?"ன்னு கேட்டேன்.

"பெல்ட்டு தாங்குதான்னு பாக்க வாணாவா? தெனமும் மொத ரவுண்டு மூட்டைங்கதான் சார்."

அப்புறம் நாங்க ஏறுனோம். நான் செல்ஃபி எடுக்க வாகா இல்லைன்னு பெல்ட்டைக் கழட்டினேன்.

ராட்டினம் கெளம்பவே இல்ல. அவரு சுவிட்சை வுட்டுட்டு நேரா எங்கிட்ட வந்தாரு.

"மூட்டைங்க இதுவரிக்கும் ஒருவாட்டி கூட கழட்டுனதில்ல சார்."

பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கிறா.

மணல் மூட்டை அளவுக்காவது அறிவு கீறவங்க கமெண்ட்ல கை தூக்குங்க. என்னைச் சேர்க்காதீங்க.