நாள்விட்டு நாள் விழுங்கிய மாத்திரை

என் தங்கையின் சிறுநீரகத்துக்கு நேர்ந்த இடர் அவளது அறியாமையால் வந்ததென்றே இலங்கையின் ருவான்வெல்லைப் பக்கத்து உறவினர் பேசுகின்றனர். அது பிழை, விளைவித்தது என் புலமை. ஆதலின் இதனை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

தங்கை தோட்டத்தில் ரப்பர் மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் வெட்டுபவள். இரத்த அழுத்தம் மிகுந்து, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியதால், கிளினிக்கில் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தனர்.

"அண்ணே, இது உள்ள போயி என்னாங்க செய்யுது?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு அவ்வொரு வினா போதுமானதாயிற்று. சிறுநீரக உயிரணுக்களின் மேற்பரப்பில் புரதத் துணுக்குகளை அரியும் நொதிகள் இருப்பதையும், அவற்றுள் ஒன்று ஒரு துணுக்கின் நுனியை நறுக்கிக் குருதிக்குழாயை இறுக்கும் பொருளாக்குவதையும், மற்றொன்று அப்பொருளையே மேலும் நறுக்கி அடக்குவதையும், தேவைக்கேற்ப இந்நொதிகள் கூடிக் குறைவதையும், மாத்திரை முதலாவதைத் தடுப்பதையும் அரைமணி நேரம் விரித்துரைத்தேன். 'அரிநொதி' என நானே ஆக்கிய சொல்லை ஐந்து முறை எடுத்தாண்டேன்.

"அப்ப உள்ளுக்குள்ளயும் கத்தி வச்சு வெட்டுதுன்னு சொல்லுங்க. நம்ம பால்வெட்டு மாதிரி."

"மிகச் செம்மையான உவமை" என்றேன். மாணாக்கி தேறிவிட்டாள் என அகமகிழ்ந்தேன். தினமும் விழுங்கு என்னும் எளிய தொடர் மட்டும் என் விரிவுரையில் இடம்பெறவில்லை.

நானும் உடன்சென்ற அடுத்த கிளினிக் நாளில் அழுத்தம் ஏறியிருந்தது. புரதக் கசிவும் கூடியிருந்தது. மாத்திரை உறையில் பாதிக்கு மேல் மிச்சம். மருத்துவர் காரணம் கேட்டார். தங்கை சிங்களத்தில் விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரே மரத்தத் தெனம் வெட்டுனா பட்டை காஞ்சு பால் நின்னுரும்ல? மாத்திரதான் அந்தக் கத்தின்னு நெனச்சேன், அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் முழுங்குனேன். மழைக்கு வெட்டு இல்லாத நாள்ல அதையும் விட்டுட்டேன். நீங்கதானே பால்வெட்டு மாதிரின்னு சொன்னீங்க?"

உவமை அவளுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதனைப் பாராட்டியவன் நானென்பது நினைவுக்கு வந்தது.

இது மரமன்று, ஒருநாளும் விடலாகாது என்றார் மருத்துவர். இழந்ததில் எவ்வளவு மீளும் என்பதை அடுத்த சோதனைதான் சொல்லுமாம். என் தொழிலை வினவியவர், விடை கேட்டபின், இனித் தங்கைக்கு நோய் பற்றி நான் விளக்கவேண்டாம் எனப் பணிவுடன் வேண்டிக்கொண்டார்.

"தெனமும் ஒன்னுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல, அண்ணே" என்றாள் தங்கை, பேருந்தில்.

இப்போது தினமும் விழுங்குகிறாள். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. நொதிகள் குறித்து மேலே நான் எழுதியவற்றில் பிழையிருப்பின், துறையறிந்தோர் தயங்காது திருத்துக. அவளிடம் சொன்னதும் அதுவே. தவறென்றால் அவளுக்கும் நான் மாற்றிச் சொல்லவேண்டும், இம்முறை ஒரே வரியில்.